ஏழு நிமிடத்துக்கு மூன்று வாரம்

நான் 34 ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்தவள். பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் ஒருவர் பேசுவது எங்கள் கல்லூரி வழக்கம். பேசப்போகிறவரை மூன்று வாரம் முன்னதாக என்னிடம் அனுப்பிவைப்பார்கள். ஓய்வுபெற்ற பிறகும் நான்காக மடித்த தாளோடு பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களிடம் தனித்தனியே சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். முதன்முறையாக அந்த மேடையில் ஏறும் மாணவருக்கும், சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டு என்ன பேசுவதென்று கலங்கியிருக்கும் இளம் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் அலுவலருக்கும் இது பொருந்தும்.

கலகலப்பாகப் பேசிக் கைத்தட்டல் வாங்க ஆண்டுவிழா இருக்கிறது, விடுதி விழா இருக்கிறது. பட்டமளிப்பு உரை விடைகொடுக்கும் பேச்சு. அதைக் கேட்பவர்கள் நாளை இதே இடத்தில் இதே கூட்டமாக உட்காரப் போவதில்லை. அந்த நினைவோடு எழுத உட்காருங்கள்.

1. அரங்கத்தை முதலில் போய்ப் பாருங்கள்.

மேடையில் ஏறி நின்று பார்த்தால் முன்வரிசையில் விருந்தினர் நாற்காலிகள் தெரியும். அடுத்து அங்கி அணிந்த பட்டதாரிகளுக்கான இடம். அதற்கும் பின்னால், மின்விசிறிக் காற்று சரியாக எட்டாத இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகள். அம்மா அப்பாக்கள் உட்காருவது அங்கேதான். முதல் பேருந்தைப் பிடித்து வந்திருப்பார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. அந்தச் சான்றிதழுக்காக நடையாய் நடந்தவர் கடைசி வரிசையில்தான் இருப்பார்.

அவருக்குப் புரியும்படி எழுதிய பேச்சு முன்வரிசைக்கும் புரியும். முன்வரிசைக்காக எழுதியது பின்னால் போய்ச் சேராது.

அந்தக் கடைசி நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தும் பாருங்கள். மேடையில் நிற்பவரின் முகம் அங்கிருந்து கட்டைவிரல் நகமளவுக்குத்தான் தெரியும். உங்கள் கண்ணின் ஒளியும் கையசைவும் அவ்வளவு தூரம் வராது. குரலும் சொல்லும் மட்டுமே வரும்.

2. இந்த வகைப் பேச்சு மிகப் பழையது என்று அறிந்துகொள்ளுங்கள்.

தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில், படிப்பு முடித்துப் புறப்படும் மாணவனுக்கு ஆசிரியர் விடைகொடுக்கும் பகுதி ஒன்று உண்டு. உண்மை பேசு, கற்பதை விட்டுவிடாதே, தாய் தந்தையையும் ஆசிரியரையும் விருந்தினரையும் போற்று என்கிறார். இவை எந்த ஆசிரியரும் சொல்லக்கூடியவை. படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடும் இடம் வேறு. எங்களிடம் உள்ள நல்லவற்றை மட்டும் எடுத்துக்கொள், மற்றவற்றை விட்டுவிடு என்று அந்த ஆசிரியர் சொல்கிறார். தம்மிடமும் விடவேண்டியவை உண்டு என்பதை, மாணவன் வாசல்படி தாண்டும் நேரத்தில் ஒப்புக்கொள்கிறார். பிறகு, எது சரி என்று ஐயம் வந்தால் யாரைப் பார்த்து நடக்கலாம் என்றும் வழி சொல்கிறார். எல்லாமே சில வரிகள்தான்.

அதை ஒரு நல்ல மொழிபெயர்ப்பில் படியுங்கள். மேடையில் எடுத்துச் சொல்வதற்காகப் படிக்க வேண்டாம். அறிவுரை சொல்பவர் தம்மை எந்த உயரத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

3. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அது நீங்கள் விலை கொடுத்துப் பெற்றதாக இருக்கட்டும்.

பிள்ளைகள் கொண்டுவரும் முதல் வரைவில் பத்துப் பதினைந்து அறிவுரைகள் இருக்கும். கனவு காணுங்கள், நேரத்தை மதியுங்கள், பெற்றோரைப் போற்றுங்கள், சமூகத்துக்கு உழையுங்கள். ஒவ்வொன்றும் நல்ல சொல்தான். ஆனால் ஒன்றுகூட எழுதியவருடைய சொந்தச் சரக்காக இருக்காது. அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு நான் கேட்பது ஒரே கேள்வி: "இந்த மூன்று வருஷத்தில் உனக்குத் தெரியாமல் இருந்து, பட்டுத் தெரிந்துகொண்டது என்ன?"

இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் விடாமுயற்சி பற்றி எழுதி வந்தார். எடிசன் இருந்தார், கஜினி முகமது இருந்தார். அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார். துணைப்பாடக் கணிதத்தில் அவருக்கு முதலாண்டிலேயே அரியர் விழுந்திருக்கிறது. மூன்று முறை எழுதியும் தேறவில்லை. வீட்டில் சொல்லவே இல்லை. தேர்வுக் கட்டணத்துக்கு அப்பாவிடம் கேட்கக் கூசி, முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போயிருக்கிறார். நான்காம் முறை தேறியதும் அன்றிரவே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அப்பா திட்டவில்லை. "மொதல்லயே சொல்லியிருந்தா நானும் ராத்திரி உன்கூட உக்காந்திருப்பேனேடா" என்றாராம்.

"அம்மா, பெயிலானதைவிட அதை மறைச்சு வச்சதுதான் பாரமா இருந்துச்சு" என்றார் அந்தப் பிள்ளை.

அதுதான் அவருடைய பேச்சு. எடிசனும் கஜினியும் வெளியே போனார்கள். தோற்கும்போது ஒரே ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். விழா நாளில் அதைச் சொன்னபோது அங்கி அணிந்திருந்தவர்களில் பலர் தலைகுனிந்ததைப் பார்த்தேன். அவர்களுக்கும் மறைத்துவைத்தவை இருந்திருக்கும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். இதே தாளை வேறொரு ஊரில், வேறொரு கல்லூரியில், வேறொருவர் எழுந்து வாசித்தால் பொருந்துமா? பொருந்துமென்றால் நீங்கள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

4. பெரிய மனிதர் ஒருவரைச் சொல்ல நேர்ந்தால், அவர் கையில் இருந்த பொருளைக் காட்டுங்கள்.

வரலாற்றுத் துறை மாணவி ஒருத்தி, பட்டத்தோடு படிப்பு முடிவதில்லை என்று சொல்ல விரும்பினாள். அது எல்லாரும் சொல்லும் வாக்கியம். அவளுக்கு நான் சி.வை. தாமோதரம்பிள்ளையை நினைவூட்டினேன். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் தாமோதரம்பிள்ளை, இன்னொருவர் கறோல் விசுவநாதபிள்ளை. பட்டம் பெற்ற தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். அந்தப் பதவியும் பெயரும் ஒருவருக்குப் போதுமானவை. அவரோ ஊர் ஊராக ஓலைச்சுவடி தேடினார். தொல்காப்பியத்தின் பகுதிகளையும், 1887-ல் கலித்தொகையையும் அச்சில் கொண்டுவந்தார். சுவடியைக் கையில் எடுத்தால் ஓரம் உதிர்வதையும், கட்டை அவிழ்த்தால் ஓலை முறிவதையும் தம் பதிப்புரையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

மாணவி தன் பேச்சில் அந்த உதிரும் ஓலையை மட்டும் காட்டினாள். ஒரு பட்டதாரி அதை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருப்பதைச் சொன்னாள். அதற்குமேல் படிப்பைப் பற்றி அவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு பேச்சுக்கு இப்படி ஒருவர் போதும். இரண்டாமவர் வந்தால் முதலாமவரும் மறந்துபோவார்.

5. விளிகளைச் சுருக்குங்கள், ஆனால் பிழையின்றிச் சொல்லுங்கள்.

நம் மேடைகளில் "அவர்களே, அவர்களே" என்று அழைத்து முடிப்பதற்குள் மூன்று நிமிடம் போய்விடுகிறது. கேட்பவர் காது தரும் முதல் மூன்று நிமிடம் திரும்பக் கிடைக்காது. தலைமை வகிப்பவர், சிறப்பு விருந்தினர், முதல்வர் ஆகிய மூவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். மற்றவர்களைப் பேராசிரியர்கள், பெற்றோர்கள், உடன் படித்தவர்கள் என்று சேர்த்து வணங்குங்கள். பெற்றோரைக் கடைசியில் தள்ளாதீர்கள். பல்கலைக்கழக விழாவாக இருந்தால் வேந்தர், இணைவேந்தர், துணைவேந்தர், பதிவாளர் என்ற வரிசை மாறக் கூடாது. முதல் நாள் மாலையில் அலுவலகத்துக்குப் போய் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பெயர்களின் உச்சரிப்பைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

6. நேரத்தைச் சொற்களாக எண்ணிக்கொள்ளுங்கள்.

மேடையில் நிதானமாகத் தமிழ் பேசுபவர் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொற்களுக்குமேல் போக முடியாது என்பது நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்த கணக்கு. நம் சொற்கள் நீளமானவை. ஏழு நிமிடம் கொடுத்தால் 600 சொல்லுக்குள் எழுதுங்கள். கைத்தட்டலுக்கும் மூச்சுக்கும் இடம் வேண்டும்.

என்னை ஒரு கல்லூரி பட்டமளிப்பு உரைக்கு அழைத்தது. 15 நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். ஏப்ரல் மாதம், பந்தலில் விழா. நான் 32 நிமிடம் பேசினேன். பேச்சு நன்றாக இருந்தது என்றே மேடையில் சொன்னார்கள். ஆனால் பகல் உணவுக்குள் முடிக்க வேண்டுமென்று அதற்குப் பிறகு பட்டம் வழங்குவதை விரைவுபடுத்தினார்கள். இரண்டிரண்டு பெயராக வாசித்தார்கள். பிள்ளைகள் மேடையில் நிற்கக்கூட முடியவில்லை. ஒரு கையால் சான்றிதழை வாங்கிக்கொண்டே இறங்கிப் போனார்கள். கீழே கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு தகப்பனார், தம் மகள் இறங்கிப் போன பிறகும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் எடுக்க முடியவில்லை. அந்த நொடியை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது நான். பதினெட்டு ஆண்டுகள் ஆயிற்று. அந்த முகம் மறக்கவில்லை.

சுருங்கச் சொன்னால் எடை குறையும் என்று அஞ்சாதீர்கள். 1947 ஜூன் 5 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் பேசினார். போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா கைகொடுக்க வேண்டும் என்பதுதான் பொருள். தாளைப் பார்த்து, ஏற்ற இறக்கமில்லாத குரலில், பன்னிரண்டு நிமிட அளவில் வாசித்து முடித்தார். நாடுகள் பலவற்றைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டம் அங்கிருந்துதான் தொடங்கியது.

7. வினைமுற்றைக் காக்க வைக்காதீர்கள்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. எழுத்தில் இது அழகு, படிப்பவர் கண்ணால் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்வார். காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. "வந்து, தவித்து, தேறி, உயர்ந்து, இன்று பட்டம் பெற்று நிற்கும்" என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால், முற்று வருவதற்குள் தலைப்பகுதி கையைவிட்டுப் போயிருக்கும்.

ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "சிற்றூர்களிலிருந்து வந்து, ஆங்கிலவழிப் பாடம் புரியாமல் தவித்து, நண்பர்களின் துணையோடு தேறி, ஆசிரியர்களின் ஊக்கத்தால் உயர்ந்து நிற்கும் எங்களுக்கு இந்நாள் மறக்க இயலாதது." அவளையே உடைக்கச் சொன்னேன். இப்படி ஆயிற்று: "நாங்கள் சிற்றூரிலிருந்து வந்தோம். முதல் மாதம் எனக்கு ஒரு வகுப்பும் புரியவில்லை. பக்கத்து பெஞ்சில் இருந்தவள் சாப்பாட்டு நேரத்தில் தமிழில் சொல்லிக்கொடுத்தாள். அவள் சாப்பிட்டாளா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை." நீண்ட வாக்கியத்தில் அந்தத் தோழி ஒளிந்திருந்தாள். 'நண்பர்களின் துணை' என்ற இரண்டு சொல்லுக்குள் அவளுடைய பட்டினி மூடிக் கிடந்தது. வாக்கியத்தை உடைத்தால் இப்படி உண்மை வெளியே வரும். என்னிடம் வரும்போது அந்தக் கடைசி வாக்கியம் அவள் மனத்தில்கூட இல்லை. முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் வந்தது.

8. அடுக்குமொழி வேண்டாம்.

மோனையும் எதுகையும் அடுக்கிப் பேசும் மேடைத்தமிழ் நம் காதில் ஊறியது. அண்ணாவும் கலைஞரும் அதில் பெரும் ஆற்றல் காட்டினார்கள். அவர்களிடம் முதலில் கருத்து இருந்தது, அதற்கேற்ற ஓசை பின்னால் வந்தது. தொடக்கநிலையில் இருப்பவர் ஓசையிலிருந்து தொடங்குவார். 'உழைப்பு, உயர்வு, உறுதி' என்று உகரத்தில் மூன்று சொல் கிடைத்ததும், சொல்லவந்தது அந்த மூன்றுக்கும் ஏற்ப வளைந்துபோகும். தானாக அமைந்த மோனை இருக்கட்டும், தேடிப்போய் வைத்ததை அடித்துவிடுங்கள்.

9. குறளை மேற்கோளாக எடுக்காமல், பாடமாகப் படியுங்கள்.

பட்டமளிப்பு மேடையில் கல்வி அதிகாரக் குறள் ஒன்றைக் கேட்காத ஆண்டு இல்லை. அதே குறளை உங்களுக்கு முன்னே பேசிய இருவர் சொல்லியிருப்பார்கள். வள்ளுவர் பேசுபவருக்கென்றே சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்களும், அவற்றுக்கு முன்னால் பயனில சொல்லாமை என்று ஒன்றும் வைத்திருக்கிறார். நாற்பது குறள். மூன்று வாரத்தில் நாளுக்கு இரண்டு படித்தால் முடிந்துவிடும். பயனில சொல்லாமையில் தொடங்குங்கள். உங்கள் வரைவில் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும்.

10. எந்த மொழியில் பேசுவது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

1937-ல் கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு உரையைத் தாகூர் வங்காளத்தில் ஆற்றினார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மேடையில் வங்காளம் ஒலித்தது அதுவே முதன்முறை. தம் கவிதைகளைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்து நோபல் பரிசு பெற்ற கைக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. கேட்பவர்களின் வீட்டில் புழங்கும் மொழி பல்கலைக்கழகத்தின் பெருமேடையிலும் ஏற வேண்டும் என்று கருதினார்.

உங்கள் விழா ஆங்கிலத்தில் நடக்கலாம், பேச்சும் ஆங்கிலத்தில்தான் என்று விதி இருக்கலாம். அப்படியானால் இரண்டு நிமிடமாவது தமிழுக்கு அனுமதி கேளுங்கள். பெற்றோரிடம் பேச வேண்டும் என்று காரணம் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. தமிழ்ப் பகுதியில் பள்ளிக்கூடத் தமிழும் வேண்டாம், திண்ணைத் தமிழும் வேண்டாம். திருத்தமான எளிய தமிழ் போதும். ஒருவர் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் அவர் பேச்சு வழக்கிலேயே சொல்லுங்கள். அரியர், ஹால் டிக்கெட், ரெக்கார்டு நோட்டு ஆகியவற்றை அப்படியே சொல்லுங்கள். அந்தச் சொற்களோடுதான் மூன்று ஆண்டு வாழ்ந்திருக்கிறீர்கள்.

11. நன்றி சொல்வதென்றால் செயலைச் சொல்லுங்கள்.

ஆசிரியர், அலுவலர், நூலகர் என்று பட்டியல் வாசித்தால் யாருக்கும் நன்றி சொன்னதாகாது. ஒரு மாணவி, தன் ஊர் வழியாக வரும் முதல் பேருந்தின் ஓட்டுநருக்கு நன்றி சொன்னாள். செய்முறைத் தேர்வு நாட்களில் அவள் வரப்பு வழியே ஓடிவருவதைப் பார்த்தால் அவர் வண்டியை ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்தி வைப்பாராம். பெயர் தெரியாது, அவர் விழாவுக்கு வரவும் இல்லை. அவள் சொல்லி முடித்ததும் அரங்கத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் தமக்காக நின்ற ஒருவரை நினைத்துக்கொண்டார்கள். அது முகங்களில் தெரிந்தது.

12. வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள்.

கண் மன்னிக்கும் பிழையை நாக்கு மன்னிக்காது. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். நாக்குச் சிக்கும் சொல்லை மாற்றுங்கள். ழகர ளகரங்களை அவசரத்தில் விழுங்காதீர்கள். எழுத்துப் படிக்காத ஒருவரிடம், பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ, முழுவதையும் சொல்லிக் காட்டுங்கள். பிறகு, என்ன சொன்னேன் என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதுதான் உங்கள் பேச்சு. நீங்கள் எழுதியதாக நினைத்துக்கொண்டிருப்பது அதுவாக இல்லாமல் இருக்கலாம்.

மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சொல் நழுவினால் அதன்பின் எல்லாம் நழுவும். தாளோடு போங்கள். பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். ஒரு வாக்கியம் இரண்டு தாளில் பிரிந்து விழக் கூடாது. பக்க எண் போடுங்கள். பின் அடிக்காதீர்கள், புரட்டும் ஓசையை மைக் எடுத்துக் கொடுக்கும். முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டும் மட்டும் பார்க்காமல் சொல்ல வரட்டும். கைபேசியைப் பார்த்து வாசிக்காதீர்கள். திரை அணையும், அழைப்பு வரும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் வேறு யாருக்கோ செய்தி அனுப்புவதுபோல் இருக்கும்.

13. மைக்கின் முன் நிற்கும் முதல் ஐந்து நொடியில் பேசாதீர்கள்.

தாளை வையுங்கள். மைக்கை உங்கள் உயரத்துக்குத் தாழ்த்திக்கொள்ளுங்கள், முந்தியவர் ஆறடி இருந்திருப்பார். தட்டிப் பார்ப்பதும் ஊதுவதும் கூடாது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இருக்கட்டும். பெரிய அரங்கில் குரல் பின்சுவரில் மோதித் திரும்பி வரும், அது அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். வேகம் தானாகக் குறையும். அங்கியின் அகலக் கை தண்ணீர்த் தம்ளரைத் தட்டிவிடும், தம்ளரைத் தள்ளி வையுங்கள். கை நடுங்கினால் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குரல் உடைந்தால் நிறுத்துங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒரு மூச்சு எடுத்து, உடைந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள்.

14. உங்களுக்கு முன் பேசுபவரைக் கேளுங்கள்.

மேடையில் இருப்பவர்கள் தம் தாளையே புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 1969-ல் அமெரிக்காவின் வெல்லெஸ்லி கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் மாணவர் ஒருவர் பேச முதன்முறையாக இடம் கிடைத்தது. பேசியவர் ஹிலரி ராடம், பின்னாளில் ஹிலரி கிளிண்டன். அவருக்கு முன் செனட்டர் எட்வர்டு புரூக் பேசினார். அந்தப் பேச்சு தம் தலைமுறையின் கவலையைத் தொடவில்லை என்று ஹிலரிக்குத் தோன்றியது. எழுதி வைத்திருந்ததற்குப் போகுமுன் அதற்கு அங்கேயே மறுமொழி சொன்னார். மூத்தவரிடம் அப்படிப் பேசலாமா என்று அன்றும் கேட்டவர்கள் உண்டு. கேட்டு, சிந்தித்து, பெயர் சொல்லி மறுப்பது அவமதிப்பு ஆகாது என்றே நான் நினைக்கிறேன். காதிலேயே வாங்காமல் இருப்பதுதான் அவமதிப்பு. ஆனால் மறுப்பு இரண்டு வாக்கியத்தைத் தாண்டினால் உங்கள் பேச்சு அவருடைய பேச்சாகிவிடும். கல்லூரியில் நீங்கள் கண்ட குறையைச் சொல்வதானாலும் அளவு இதுதான். நடந்ததைச் சொல்லுங்கள், என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள், அடுத்ததற்குப் போங்கள்.

15. வராதவரை மறந்துவிடாதீர்கள்.

வர முடியாதவர்களுக்கும் நம் பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்குகின்றன. நேரில் வராதோர் என்று ஒரு பட்டியல் இருக்கும். வேலையில் சேர்ந்துவிட்டவர், பிள்ளை பெற்றிருப்பவர், பயணத்துக்குப் பணம் இல்லாதவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வாக்கியம் வையுங்கள். பாதியில் படிப்பை நிறுத்தியவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இராது. அவர்களுக்கும் ஒன்று வையுங்கள்.

சில ஆண்டுகளில் இதைவிடக் கடினமானது வரும். ஒரு வகுப்பில் இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவர் சாலை விபத்தில் இறந்துபோனார். மாணவர் சார்பில் பேசத் தேர்வான பிள்ளை அவருடைய அறைத்தோழர். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். நண்பனின் சிரிப்பு, பாட்டு, அவன் வாங்கித் தந்த தேநீர், எல்லாம் இருந்தது. படித்து எனக்கும் கண் கலங்கியது. ஆனால் முதலில் அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர்கள் துயரத்தை அவர்களைக் கேட்காமல் மேடையில் எடுத்து வைக்க நமக்கு உரிமை இல்லை.

போனார். அந்த அம்மா பேசவே இல்லையாம். அப்பா வாசல்வரை வந்து, "பேரை மட்டும் சொல்லுப்பா. வேற ஒண்ணும் வேண்டாம். அவன் பேரு அங்க ஒருதரம் கேக்கணும்" என்றாராம்.

இரண்டு பக்கத்தையும் அவர் எடுத்துவிட்டார். நான் சொல்லவில்லை, அவரே எடுத்தார். விழா நாளில் பேச்சின் நடுவில் நிறுத்தி, நண்பனின் முழுப்பெயரைத் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சொன்னார். பிறகு அவனுடைய பதிவு எண்ணைச் சொன்னார். பட்டம் வாங்கும் ஒவ்வொருவரையும் அன்று அப்படித்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு மூச்சு நேரம் அமைதியாக நின்றார். அரங்கத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. அவனுடைய அப்பா கடைசி வரிசையில், அழைப்பிதழை நெஞ்சோடு பிடித்தபடி எழுந்து நின்றிருந்தார்.